செவிக்கும் ஒரு கல்வி வேண்டும்

திருவள்ளுவர் பொருட்பாலிலே கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்துள்ளார். இவ்வைப்புமுறை கருதத்தக்கது. கற்றலுக்கு அடுத்த நிலையிற் கேட்டலை அவர் வைத்திருக்கவும், நம் கல்விக்கூடங்களோ கண்ணுக்கு அளித்த பயிற்சியைச் செவிக்கு அளித்ததில்லை. எழுத்துக் கூட்டவும் பொருள் கொள்ளவும் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பயிற்றுகின்றோம். ஒரு பாட்டை முதலிலிருந்து முடிவுவரை அமைதியாக இருந்து கேட்டு, அதன் அமைப்பை உணர்ந்து, இது நன்று, இது நன்றன்று என்று காரணங்காட்டிக் கூறும் ஆற்றலை வளர்ப்பதற்கு வாரத்தில் ஒரு பாடவேளையேனும் ஒதுக்கியதுண்டோ? சங்கீதம் ஒரு பாடமாக இருக்கின்றது, மெய்யே. ஆயின் அது பாடுவோர்க்கு உரிய பாடம். பாட இயலாத, கேட்க மட்டுமே இயன்ற பெரும்பான்மையினர்க்குப் பாடம் யாதும் இல்லை.

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரை வரைதல் பழைய மாணவர் அனைவர்க்கும் உரிய கடன். அக்கடனைத் தீர்க்கும் வகையிலே, நோர்வூட் பகுதியிற் தமிழ் பயிற்றும் யாம் பதிவுற்ற இசை பற்றிச் சில சொல்லத் துணிந்தோம். தமிழாசிரியனுக்கு இசைத்தட்டுடன் என்ன உறவு என்று கேட்பார் உளராயின், இயலொடு இசையையும் நாடகத்தையும் சேர்த்தே முத்தமிழ் என்றனர் நம் முன்னோர் என்பதே விடை. எம் கருத்து இதுவே: உலகத்து இசையெல்லாம் பதிவுற்று நம் கைக்கு எட்டியுள்ள இக்காலத்தில், எவற்றைக் கேட்பது, எவ்வாறு கேட்பது என்பன கற்பிக்கப்படல் வேண்டும். அங்ஙனம் கேட்கக் கற்ற செவியே தன் வீட்டுப் பாட்டையும் மதிக்கும். மதித்து, அழியுமுன் பதிந்து வைக்கும்.

பதிவு என்பதன் அருமையைத் தமிழர் போல் அறிந்தோர் இலர். அஃது இல்லாமையால் நாம் இழந்தவை அத்துணை. இளங்கோவடிகள் வேட்டுவ வரி, ஆய்ச்சியர் குரவை, குன்றக் குரவை என வேடரும் ஆயரும் மலைக்குறவரும் பாடி ஆடியவற்றைத் தம் காப்பியத்தின் நடுவிலே வைத்துப் போற்றினார். அரசர்க்கும் வணிகர்க்கும் அளித்த இடத்தை அவர்க்கும் அளித்தார். அப்பாட்டுகளின் சொற்கள் ஏட்டிலே நின்றன, மெட்டு நிற்கவில்லை. பழந்தமிழர் மீட்டிய யாழைச் செய்யுளிலே காண்கின்றோம். அதன் ஒலியைக் கேட்டவர் எவரும் இன்று இலர். கிழக்கிலங்கைக் காரைதீவிலே தோன்றிய சுவாமி விபுலாநந்தர் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் ஆராய்ந்து யாழ் நூலை இயற்றினார். அது 1947 ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அரங்கேறிற்று. அவ்வாண்டிலேயே அடிகள் மறைந்தார். ஒரு கருவியின் ஒலியை மீட்டெடுக்க ஒரு பேரறிஞரின் வாழ்நாளிற் பெரும்பகுதி வேண்டியிருந்தது. அக்காலத்திலே மூன்று நிமிடப் பதிவொன்று இருந்திருப்பின் அவ்வுழைப்பு வேறு எத்துணை நூல்களாய் மலர்ந்திருக்கும்!

ஏடு காவாத ஒலியைக் காக்கும் வழியை 1877 ஆம் ஆண்டில் எடிசன் கண்டார். உருளையில் எழுந்த அவ்வொலியைத் தட்டையான வட்டிலே எழுதும் முறையை 1887 ஆம் ஆண்டில் எமில் பெர்லினர் கண்டார். அவ்வட்டே பின்னர் நம் வீடுகளில் இசைத்தட்டு என வழங்கியது. 1902 ஆம் ஆண்டிலே நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை ஈண்டு நினைவுகூர்தல் தகும். அவ்வாண்டு ஏப்பிரலில் பிரெட் கைஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் இத்தாலியின் மிலான் நகரில் என்ரிக்கோ கருசோ என்னும் இளம் பாடகரின் குரலைப் பதிந்தார். அவ்வாண்டு நவம்பரிலே அதே கைஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் இந்துஸ்தானி இசையரசியின் குரலைப் பதிந்தார். பாட்டின் முடிவிலே கௌஹர் ஜான் தம் பெயரைத் தாமே கூறுவார். தட்டு அச்சாகும் தொலைநாட்டுத் தொழிற்சாலையிலே குரலுக்குரியார் பெயர் மாறிவிடாதிருக்கவே அவ்வாறு செய்தனர். மேலை நாட்டு இசைநாடகமும் கீழை நாட்டு இராகமும் ஒரே ஆண்டில், ஒருவர் கையினாலே, ஒரே வகைத் தட்டில் ஏறின. தட்டுக்கு மேற்கும் கிழக்கும் இல்லை. அவ்வேறுபாடு கேட்பவன் மனத்தளவே.

நம் தென்னாட்டு இசையும் விரைவிலே தட்டேறியது. வீணை தனம்மாள் 1938 ஆம் ஆண்டில் மறைவதற்குச் சில ஆண்டுகள் முன்னர்ப் பதிந்த தட்டுகளாலேயே அவர் கைவிரலின் நுண்மையை இன்று யாம் அறிகின்றோம். திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் தோடி, தேரோடும் வீதியிலிருந்து தட்டிலே புகுந்து தேநீர்க்கடை வரை வந்தது. எஸ். ஜி. கிட்டப்பா 1933 ஆம் ஆண்டில் இளமையிலேயே மறைந்தார்; அவர் நாடகப் பாட்டுகளோ தட்டிலே மூவாது நிற்கின்றன. சபையிலே இருக்கை பெற இயலாதவனும், கோயில் உள்வீதியிலே கால்வைக்க விடப்படாதவனும், கடைவாயிலில் நின்று அதே இசையைக் கேட்டனர். இசைத்தட்டு செய்த சமுதாயத் தொண்டு இது.

இலங்கையிலே அத்தொண்டை வானொலி பன்மடங்காக்கியது. 1925 ஆம் ஆண்டு டிசெம்பரிலே கொழும்பில் ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கியது. 1950 ஆம் ஆண்டில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை எழுந்தது. 1952 ஆம் ஆண்டளவில் இந்தியாவின் அரச வானொலி திரைப்பாட்டை ஒதுக்கியபோது, அப்பாட்டை விரும்பிய தமிழகத்து மக்கள் இலங்கை வானொலிக்கே செவி சாய்த்தனர். எஸ். பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளரின் தமிழ் பாக்கு நீரிணையைக் கடந்து சென்று புகழீட்டியது. மலைநாட்டுத் தோட்டங்களிலோ, திருவிழாக் காலத்துக் கூம்பு ஒலிபெருக்கியும், மின்கலத்தால் இயங்கிய சிறு வானொலிப் பெட்டியும் இசையை லயத்து வாயிலுக்குக் கொணர்ந்தன. ஒரு லயத்தில் ஒரு பெட்டி இருப்பின் அந்த லயம் முழுவதும் கேட்டது.

அக்காலத்தில் இசை அரிது. ஆதலால் கேட்டவர் கூர்ந்து கேட்டனர். ஒரு பாட்டு மீண்டும் எப்பொழுது வருமோ என்ற ஏக்கமே செவியைத் தீட்டியது. இக்காலத்தில் கைத்தொலைபேசியிலே கோடிக்கணக்கான பாட்டுகள் உறங்குகின்றன. வேண்டியது வேண்டிய கணத்திலே வரும். இது நன்மையே, இதனைப் பழிப்பார் பழைமை மயக்கமுடையார். எனினும் இந்நன்மையோடு ஒரு கேடும் வந்தது. அக்கருவி நாம் நேற்று விரும்பியதையே இன்றும் நம்முன் படைக்கின்றது. கத்தரிக்காய்க் கறியை ஒருநாள் புகழ்ந்த விருந்தினனுக்கு ஆயுள் முழுவதும் கத்தரிக்காயே ஆக்கிப் போடும் இல்லாளை ஒத்தது அது. ஒரு பாட்டின் முதலடி கேட்டதும் அடுத்ததற்குத் தாவும் வழக்கமும் உடன் வந்தது. உலகத்து இசை முழுவதும் கையில் இருக்க, ஒரு சிறு குறிப்பிட்ட வகைப் பாட்டுக்குள்ளேயே நம் இளைஞர் அடைபட்டுக் கிடக்கின்றனர்.

இதற்கு மருந்து தடை அன்று, பயிற்சியே. கேட்கும் முறையை முதலிற் கூறுவோம். வாரத்திற்கு ஒரு படைப்பைத் தெரிக, பல வேண்டா. அதனை மும்முறை கேட்க. முதன்முறை வேறு தொழில் யாதும் இன்றி வாளா இருந்து கேட்க. இரண்டாம் முறை, பாட்டாயின் அதன் சொற்பொருளையும், வாத்தியமாயின் எவ்வெக் கருவி எவ்விடத்தில் எழுகின்றது என்பதையும் குறித்துக்கொண்டு கேட்க. ஒரு வாரம் கழித்து மூன்றாம் முறை கேட்டு, பிடித்ததோ பிடிக்கவில்லையோ, காரணத்தை நான்கு வரியில் எழுதுக. பிடிக்கவில்லை என்று கூறும் உரிமை முழுமையாகக் கேட்டவனுக்கே உண்டு.

இனி எங்கே தொடங்குவது? எம் அனுபவத்தில், நம் செவிக்குப் பழகிய இடத்தில் தொடங்கி, ஒவ்வொரு படியாக வெளியே செல்வதே இயல்பான வழி. பண்ணோடு ஓதிய தேவாரமும், நாகசுரமும், அளவெட்டி தட்சிணாமூர்த்தியின் தவிலும் முதற்படி. 1933 ஆம் ஆண்டில் தோன்றி 1975 ஆம் ஆண்டில் மறைந்த தட்சிணாமூர்த்தி, தமிழகத்துப் பெருவித்துவான்களும் தலைவணங்கிய ஈழத்து மேதை. அவர் வாசிப்பிலே எண் எவ்வாறு இசையாகின்றது என்பதைக் கணித மாணவரும் கண்டு மகிழலாம்.

அடுத்த படி மேலைநாட்டுச் செவ்விசை. பலர் நூறு கருவிகள் சேர்ந்து ஒலிக்கும் பெரிய படைப்பிலே தொடங்கி, ஒன்றும் விளங்காது மீள்கின்றனர். ஒற்றைக் குரலுக்குப் பழகிய நம் செவிக்கு ஒற்றைக் கருவியே வாயில். பாக் என்னும் மேதை பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே செல்லோ என்னும் தாழ்குரல் நரம்புக் கருவி ஒன்றுக்கே ஆறு தொடர்களை இயற்றினார். அவை நெடுங்காலம் பயிற்சிப் பாடங்களாகவே கருதப்பட்டன. பாப்லோ கசால்ஸ் தம் பதின்மூன்றாம் வயதிலே பார்சலோனா நகரத்துப் பழைய கடை ஒன்றில் அவ்வேட்டைக் கண்டெடுத்து, பல்லாண்டு பயின்று, 1936 முதல் 1939 வரை ஆறினையும் பதிந்தார். அப்பதிவே அவற்றை உலகுக்கு உணர்த்தியது. அதன் ஒரு பகுதியை எம் மாணவர்க்குக் கேட்பித்தபோது, பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், இது எங்கள் அம்மாயி சாவு வீட்டிலே இழுத்துப் பாடுகிற மாதிரி இருக்கிறது” என்றாள். வகுப்பு நகைத்தது, யாம் நகைக்கவில்லை. தாழ்ந்த குரலிலே துயரை நீட்டி, மூச்சு முடியும் இடத்தில் மீண்டும் தொடங்கும் முறையை அவள் செவி சரியாகவே இனங்கண்டது. பாக்கை அறியாத அவளே அன்று வகுப்பிற் சிறந்த கேட்பாளி.

ஒற்றைக் கருவி பழகியபின் பீத்தோவன் 1808 ஆம் ஆண்டில் வியன்னாவில் அரங்கேற்றிய ஆறாம் சிம்பொனியைக் கேட்கலாம். நாட்டுப்புறத்தைப் பாடுபொருளாக உடையது அது. அதன் நான்காம் பகுதியில் இடியும் மழையும் வருகின்றன. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் மேல் முகில் திரண்டு இறங்குவதை ஆண்டுதோறும் காணும் நம் பிள்ளைகட்கு அதற்குப் பொழிப்புரை வேண்டுவதில்லை.

இசைநாடகம், அஃதாவது ஓபரா என்பது நமக்கு எட்டாதது என்று எண்ணுவோர் பலர். முழுவதும் பாட்டாலேயே நடக்கும் நாடகம் என்றால் அது கூத்து அன்றோ? அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையும், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரமும், விடிய விடிய ஆடும் நம் பொன்னர் சங்கரும், காமன் கூத்தும் இசைநாடகங்களே. மோட்சார்ட் 1791 ஆம் ஆண்டில் இயற்றிய மாயப் புல்லாங்குழலிலே பறவை பிடிப்பவன் ஒருவன் வருகின்றான். அரசிளங்குமரனோடு திரிந்து, பயந்து, பசித்து, உளறி நகை விளைப்பவன். நம் கூத்துக் கோமாளியை அறிந்தவன் அவனை உடனே அறிவான். வெர்டியின் நபுக்கோ 1842 ஆம் ஆண்டில் மிலானில் அரங்கேறியது. அதிலே அயல்நாட்டில் அடிமைப்பட்ட மக்கள் தம் தாய்நாட்டை நினைந்து கூடிப் பாடும் இடம் ஒன்றுண்டு. கடல் கடந்து, காடு கடந்து, நடந்து வந்து இம்மலையிலே குடியேறியோரின் பெயரப் பிள்ளைகள் அதனைக் கேட்டல் வேண்டும். மொழி விளங்காவிடினும் துயரம் விளங்கும்.

அண்டை வீட்டு இசையையும் மறத்தல் ஆகாது. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956 ஆம் ஆண்டில் அரங்கேற்றிய மனமே என்னும் நாடகம், தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம் என்னும் சிங்கள மரபினின்று எழுந்தது. அடுத்த பத்தாண்டிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் நம் கூத்துகளுக்குப் புத்துயிர் அளித்தார். டபிள்யூ. டி. அமரதேவாவின் பாட்டையும், பிரேமசிறி கேமதாசாவின் இசைநாடகங்களையும் கேளாத தமிழ் மாணவன் தான் வாழும் நாட்டைப் பாதியே கேட்டவனாவான்.

இனிப் பொப் இசை. இப்பெயரைக் கேட்டதும் முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உளர். அவர்க்கு ஒரு வரலாற்றைக் கூறுவோம். 1941 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே ஸ்டோவால் என்னும் பருத்தித் தோட்டத்திற்கு ஆலன் லோமாக்ஸ், ஜான் வொர்க் என்னும் ஆய்வாளர் இருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு சென்றனர். ஆங்கு வேலை செய்த கறுப்பினத் தொழிலாளி ஒருவரின் பாட்டைப் பதிந்தனர். தம் குரலைத் தாமே தட்டிலே கேட்ட அவர் 1943 ஆம் ஆண்டில் சிக்காகோ நகரை அடைந்தார். மடி வாட்டர்ஸ் என்னும் பெயரால் உலகப் புகழ் பெற்றார். அவர் பாட்டொன்றின் பெயரையே இலண்டன் இளைஞர் சிலர் 1962 ஆம் ஆண்டில் தம் குழுவுக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் எனச் சூட்டிக்கொண்டனர். தோட்டத் தொழிலாளியின் வாய்ப்பாட்டு உலகப் பொப் இசையின் வேர்களில் ஒன்று. நம் நாட்டிலே நித்தி கனகரத்தினமும், 2018 ஆம் ஆண்டில் மறைந்த ஏ. ஈ. மனோகரனும் சிங்களப் பைலாவின் தாளத்தைத் தமிழோடு இணைத்துப் பாடியவை இன்றும் மணவீடுகளில் ஒலிக்கின்றன. இளையராஜாவோ கிராமத்துப் பாட்டில் தொடங்கி, 1986 ஆம் ஆண்டில் பாக்கின் இசையையும் தியாகராசர் மரபையும் ஒரு பதிவிலே உறவாக்கி, 2005 ஆம் ஆண்டில் திருவாசகத்திற்குப் பேரிசை அமைத்து, 2025 ஆம் ஆண்டில் இலண்டனிலே தம் சிம்பொனியை அரங்கேற்றினார். மேலே யாம் கூறிய படிகள் யாவும் ஒரு தமிழர் வாழ்விலேயே ஏறப்பட்டுள்ளன.

ஈண்டு எழக்கூடிய மறுப்பு இரண்டு. பிறர் இசையைக் கேட்டால் நம் இசை கெடும் என்பது ஒன்று. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் வாத்திய மெட்டுகளைக் கேட்டு அவற்றிற்கு வடமொழியிற் சொல் அமைத்தார். அவர் தம்பியார் பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்று நம் இசைக்கு உரியதாக்கினார். அவ்வயலின் இன்றேல் இன்று கச்சேரி உண்டோ? கேட்டதனாற் கெட்டது யாதும் இல்லை. மற்றொன்று, பதிவினால் வாழும் பாட்டு உறைந்துவிடும் என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. பதிந்த வடிவமே சரியான வடிவம் என்று பின்வருவோர் மயங்கலாம். ஆயின் பாடுவோர் உள்ளவரையே அவ்வச்சத்திற்கு இடம். பாடுவோர் மறைந்தபின் உறைந்த பாட்டேனும் எஞ்சுவது நன்று. அதுவும் இல்லையேல் யாழின் கதையே.

இவ்வச்சம் மலையகத்திலே வெறும் கற்பனை அன்று. இசைத்தட்டுக் குழுமங்கள் விலைபோகும் இசையைப் பதிந்தன. கொழுந்து கிள்ளும் பெண்களின் பாட்டுக்கு விலை வைப்பார் யார்? கங்காணியின் ஆசைமொழியை நம்பித் தேயிலைத் தூரிலே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என வந்து ஏமாந்த கதை, பெரட்டுக்குப் பிந்தினால் விழும் வசை, கண்டிச் சீமை வந்து பெற்றவளை இழந்த துயர், பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு பாடிய தாலாட்டு என இவையெல்லாம் வாய்மொழியாகவே வாழ்ந்தன. மடக்கொம்பரைத் தோட்டத்திலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அவற்றிற் பலவற்றைத் தேடித் தொகுத்தார். அட்டன் நகரிலே 1931 ஆம் ஆண்டில் தொழிற்சங்கம் கண்ட கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், தொழிலாளர் துயரைப் பாட்டாக்கி மேடைதோறும் பாடினார். இவர்கள் அளித்தன சொற்கள். அச்சொற்களை உயிர்ப்பித்த குரலும் மெட்டும் பெரும்பாலும் காற்றோடு கலந்தன.

1964 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அதன்படி சென்றவர்களோடு பாட்டுகளும் கப்பலேறின. கோத்தகிரியிலும் கூடலூரிலும் உள்ள தேயிலை மலைகளிலே அவை சிதறின. ஒரே தாலாட்டின் முதற்பாதி இங்கும் பிற்பாதி அங்குமாகக் கிடத்தலும் கூடும். 2021 ஆம் ஆண்டிலே தெருக்குரல் அறிவு, தீ என்னும் இருவர் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ உலகெங்கும் பரவியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே உழைத்துத் தமிழகம் மீண்ட தம் பாட்டியாரின் நினைவே அறிவுக்கு அப்பாட்டின் ஊற்று; ஒப்பாரி மரபும் அதில் உண்டு. கோடிக்கணக்கானோர் அதனைக் கேட்டனர். நம் மலையின் குரலை நம் இளைஞரே சென்னையிலிருந்து வந்த பாட்டொன்றின் வழியாகக் கேட்டனர் என்பது மகிழ்ச்சிக்கும் உரியது, நாணத்திற்கும் உரியது.

நாணம் எங்கிருந்து வந்தது என்பதையும் மறையாது கூறல் வேண்டும். தப்பு என்னும் தோற்கருவி ஒருகாலத்தில் விடியற்காலையிலே பெரட்டுக்கு ஆளெழுப்பியது. கூத்துக்கும் திருவிழாவுக்கும் சாவுக்கும் முழங்கியது. அதனை அடித்தோர் குறித்த சாதியினர் என்னும் இழிவை அதன்மேல் ஏற்றிவிட்டோம். படித்த பிள்ளை தன் தந்தை தப்படித்தார் என்று கூறத் தயங்குகின்றான். தோலுக்குச் சாதி உண்டாயின் மிருதங்கத்தின் தோல் எவ்விடத்துத் தோல்? பேலா பார்ட்டோக் 1906 ஆம் ஆண்டு முதல் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து ஹங்கேரியச் சிற்றூர்தோறும் சென்று உழவர் பாட்டைப் பதிந்தார். அவற்றின் அடிப்படையிலே இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த செவ்விசையை இயற்றினார். பாட்டின் மேன்மை பாடியவன் குடியிலே இல்லை. கேட்பவன் செவியிலே உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பழைய மாணவர் சங்கத்தார்க்கு யாம் வைக்கும் வேண்டுகோள் இதனின்றும் பிறப்பது. விழாவின் நினைவாக மண்டபமோ வளைவோ எழுப்புவது வழக்கம். அவற்றோடு ஒரு சிறு அறையை இசை கேட்கும் அறையாக அமைத்தல் கூடும். நல்ல ஒலிபெருக்கி இரண்டு, இருபது இருக்கைகள், வாரம் ஒரு மாலை, இவையே போதும். மாணவரே முறைவைத்து ஒரு படைப்பைத் தெரிந்து, கேட்பித்து, அதுபற்றிப் பேசுவாராக. தோட்டத்துப் பாடசாலைகளிலும் பழைய மாணவர் பலர் ஆசிரியராய் உள்ளனர். அவரும் இதனைச் செய்யலாம்.

அவ்வறையின் இரண்டாம் பணி பதிவு. இதற்குப் பெரும்பொருள் வேண்டா, கைத்தொலைபேசியே போதும். ஒழுங்கு மட்டும் வேண்டும். தம் அப்பாயியும் அம்மாயியும் பாடுவதை விடுமுறையிலே பிள்ளைகள் பதிவாராக. பாடுவாரின் ஒப்புதலை முதலிற் பெறுக. ஒப்பாரியைச் சுபவேளையிலே பாட அவர் மறுத்தால் வற்புறுத்தற்க. கௌஹர் ஜான் செய்ததுபோல, பாட்டின் முடிவிலே பெயர், தோட்டம், பிரிவு, நாள் ஆகியவற்றைக் குரலாலேயே கூறச் செய்க. சொற்களை ஏட்டிலும் எழுதுக. விளங்காத சொல்லுக்கு அவரிடமே பொருள் கேட்க. மூன்று படிகள் எடுத்து மூன்று இடங்களில் வைக்க. 2005 ஆம் ஆண்டிலே தோன்றிய நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழர் ஆவணங்களை எண்ணிம வடிவிலே காத்துவருகின்றது. அத்தகைய இடத்தில் ஒரு படியைச் சேர்க்க. பாடியவர்க்கே ஒரு படியைத் திரும்பக் கொடுத்தலை மறவற்க. ஆர்னல்ட் பேக் என்னும் ஒல்லாந்த அறிஞர் 1938 ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிலே பதிந்தவற்றை, 1984 ஆம் ஆண்டில் ஆய்வாளர் இருவர் அவ்வூர்களுக்கே எடுத்துச் சென்று, மாறியன எவை, நிலைத்தன எவை என ஆராய்ந்தனர். பதிவு ஊரைவிட்டுப் போவதற்கன்று, ஊருக்குத் திரும்புவதற்கே.

பல்கலைக்கழகங்களும் அரசும் செய்யவேண்டிய பணி இது, நாம் ஏன் செய்யவேண்டும் என்பார்க்கு ஒன்று கூறுவோம். அவர்கள் செய்யும்போது செய்க, வரவேற்போம். பாடத் தெரிந்த பாட்டிமார்க்கு எண்பது வயது கடந்துவிட்டது. திட்டங்கள் ஒப்புதல் பெறும்வரை அவர்கள் காத்திருப்பர் என்பதற்கு உறுதி இல்லை. 2023 ஆம் ஆண்டில் மலையகத் தமிழர் இந்நாட்டிற்கு வந்த இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோரும் உண்டு. அவ்விருநூறு ஆண்டுகளின் நினைவு கல்லிலே எழுதப்பட்டதினும் குரலிலே எழுதப்பட்டதே மிகுதி.

ஆகவே இம்மலரைப் படிக்கும் அன்பர்காள், கருசோவைக் கேளுங்கள், தனம்மாளைக் கேளுங்கள், கசால்ஸையும் மடி வாட்டர்ஸையும் இளையராஜாவையும் கேளுங்கள். பிள்ளைகட்கும் கேட்பியுங்கள். அவர்கள் எல்லாரும் பதிவுற்றோர். நாளையும் அங்கே இருப்பர். வரும் தைப்பொங்கல் விடுமுறையிலே ஊருக்குச் செல்வோர், பதிவுறாத ஒருவரிடம் முதலிற் சென்று அமர்ந்து, ஒரு பாட்டுப் பாடுமாறு கேளுங்கள்.